சுவரைத் தொடாத விரல்கள்

என் அக்காவின் கணவர் இறந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எப்படி ஆச்சு? தூக்கத்திலேயே, நெஞ்சு, என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்துவிட்டது. அவர் வாழ்ந்ததில் அந்த ஒரு விடியற்காலைதான் முக்கியம் என்பது போல ஆகிவிட்டது. அவருடைய வலது கை மேலே போக மறுத்ததையும், அதை அவர் மறுபடி மேலே கொண்டுபோனதையும் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கோ கண்ணை மூடினால் அந்தக் கைதான் வருகிறது. அதனால் அதை எழுதுகிறேன்.

அத்தான் பெயின்டர். சுவர் முழுக்க அடிக்கிற வேலையை மற்றவர்கள் செய்வார்கள். சுவரின் நிறமும் சீலிங்கின் வெள்ளையும் சந்திக்கிற இடத்தில் கோடு போடுவது அவர் வேலை. மற்றவர்கள் அந்த இடத்தில் டேப் ஒட்டிக்கொள்வார்கள். உரிக்கும்போது பார்த்தால் பெயின்ட் டேப்புக்கு அடியில் கசிந்து பல் பல்லாக நிற்கும். அத்தான் டேப்பைத் தொடமாட்டார். பிரஷ்ஷை டப்பாவில் முக்கி, இரண்டு பக்கமும் தட்டி, கையைத் தலைக்கு மேலே நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. கோடு நூல் பிடித்த மாதிரி நிற்கும். வேலையிடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; நூல் என்றே கூப்பிட்டார்கள். "நூலு எங்க?" "நூலைச் சாரத்துல ஏறச் சொல்லு." அவர் கோடு போட்டுக்கொண்டே போக, பின்னாலேயே ஏணி வருவான். அது நிஜ ஏணி அல்ல. கதவுக்குக் கதவு குனிந்து நுழைகிற ஒரு நெட்டை ஆள். ஈரம் காய்வதற்குள் கோட்டை ஒட்டி அவன் ரோலர் உருட்ட வேண்டும். காய்ந்துவிட்டால் இரண்டும் சேர்ந்த இடம் தழும்பு போலத் தெரியும்.

யார் வீட்டுக்குப் போனாலும் அத்தான் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். அப்புறம்தான் வீட்டுக்காரர் முகம். என் கல்யாணப் போட்டோவில் எல்லாரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் மண்டபத்து மூலையைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கை எப்போது கெட்டது என்று அவருக்கே தெரியாது. விழவில்லை, அடிபடவில்லை. முதலில் பின்பக்கப் பாக்கெட்டில் இருந்து கைக்குட்டை எடுக்க முடியவில்லை. பிறகு சீப்பு தலை உச்சிக்குப் போகவில்லை. வலது பக்கம் சாய்ந்து படுத்தால் வலி எழுப்பிவிட்டது. வேலையிடத்தில் யாருக்கும் சொல்லாமல், சாரத்துப் பலகையை இன்னும் ஒரு படி ஏற்றிப் போட்டுக்கொண்டார். உச்சந்தலை சீலிங்கில் இடிக்கிற உயரத்தில் நின்றால் கை முகத்துக்கு நேரே இருந்தால் போதும். கழுத்தை ஒடித்துக்கொண்டு அப்படியே சில வாரம் ஓட்டினார். தினமும் வெள்ளைத் தலையோடு வீட்டுக்கு வருவார்.

"என்னங்க இது, சீலிங்குக்குத் தலையாலயா பெயின்ட் அடிக்கிறீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"பிரஷ் மிச்சமாகுதில்ல" என்றார்.

பலகையை ஏற்ற முடியாத ஒரு படிக்கட்டு வளைவில்தான் மாட்டிக்கொண்டார். கை தோள் உயரத்துக்கு வந்து நின்றது. இடது கையால் வலது முழங்கையைத் தூக்கிப் பார்த்தார். பிரஷ் கீழே நின்றவன் தோளில் விழுந்தது. மேஸ்திரி மேலே பார்த்தார். அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, தோள் உறைந்துபோயிருக்கிறது என்றார்.

"உறைஞ்சு போச்சுன்னா? ஃபிரிட்ஜுலயா வச்சிருந்தோம்?" என்று அக்கா கேட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. கீழே பயிற்சி அறைக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அந்த அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. இரண்டு கட்டில், ஒரு கண்ணாடி, சுவரில் கப்பி வைத்துக் கட்டிய கயிறு, மூலையில் குவிந்த ரப்பர் பட்டைகள். பிசியோ சின்னப் பெண். முடியை உச்சியில் கொண்டை போட்டு அதில் பேனா செருகியிருந்தாள். கோணம் அளக்கிற ஒரு பிளாஸ்டிக் கருவியை அத்தானின் தோளில் வைத்தாள்.

"கையைத் தூக்குங்க சார்."

அத்தான் தூக்கினார். கையோடு உடம்பும் இடது பக்கம் சாய்ந்தது.

"உடம்பு சாயக்கூடாது. கை மட்டும்."

"கை மட்டும்னா எப்படி டாக்டரம்மா? நான் போற பக்கம்தான கையும் வரும்?"

"நான் டாக்டர் இல்ல சார், பிசியோ. உடம்பைச் சாய்ச்சா கை மேல போன மாதிரி தெரியும். மூட்டு இருந்த இடத்துலயே இருக்கும்."

மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது, அது சுருங்கிப்போயிருக்கிறது என்று விளக்கினாள். துவைத்த சட்டை சுருங்குகிற மாதிரியா என்று அத்தான் கேட்டார். ஆமாம், ஆனால் இஸ்திரி போட்டால் விரியாது என்றாள். வலிக்கிற எல்லை வரைக்கும் மெதுவாக இழுத்து, அங்கே நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி. முரட்டுத்தனமாக இழுத்தால் வீங்கிக்கொண்டு இன்னும் இறுகும். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது ஒன்று. குச்சியை இரண்டு கையாலும் பிடித்து நல்ல கையால் கெட்ட கையைத் தள்ளுவது ஒன்று. முக்கியமானது சுவர்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் வைத்து, பூச்சி ஏறுவது போல ஒவ்வொரு விரலாக மேலே நடத்த வேண்டும். எட்டுகிற இடத்தில் நிறுத்தி, உடம்பைச் சுவரோடு மெல்லச் சாய்க்க வேண்டும்.

"சுவர்தான? எனக்குத் தெரியாத சுவரா?" என்றார் அத்தான். அந்த அறைச் சுவரிலேயே செய்து காட்டினார். சரியாகத்தான் செய்தார்.

அந்த நாட்களில் மேஸ்திரி அவரைக் கீழ் வேலையில் போட்டிருந்தார். நான் வேலை பார்க்கிற கட்டடத்தில் நடைவழிக்குப் பெயின்ட் அடிக்க அவர்கள் கூட்டம்தான் வந்தது. ஒரு காலை நான் லிஃப்டில் இருந்து இறங்கியபோது, அத்தான் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து தரையை ஒட்டிய விளிம்புக்குச் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அடிப்பார், எழுந்து வாளியைக் காலால் தள்ளுவார், மறுபடி உட்காருவார். எங்கள் ஆபீஸ் ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டே அவர் கால்களைத் தாண்டிப் போனார்கள். சாரத்தின் மேலே டேப் கிழிக்கிற சத்தம் கேட்டது. ஏணி கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்ள, பாத்துப் போ. ஈரம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சிறிது நாள் கழித்து மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். குட்டையான மனிதர். நாற்காலியில் பாதிதான் உட்காருவார். டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பெரிய ஹால் ஒண்ணு வந்திருக்கு நூலு. நாலு பக்கமும் நீளச் சுவரு. கீழ கருநீலம், மேல வெள்ளை. ஒரு முடி நெளிஞ்சாலும் வாசல்ல இருந்தே தெரியும். டேப் போட்டு ஏணி செஞ்சா கோடு மாதிரி இருக்காது, எலி கடிச்ச மாதிரி இருக்கும்."

"அவனும் பழகிக்குவான்" என்றார் அத்தான்.

"பழகிக்குவான். பழகிட்டா அப்புறம் அவன்தான் எப்பவும் மேல. நான் ரெண்டு பேரை மேல ஏத்த முடியாது." மேஸ்திரி காலி டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "வெளிச்சுவரு வேலையை முதல்ல எடுத்திருக்கேன். அது முடியறவரைக்கும் உள்ள தொடமாட்டேன். அவ்வளவுதான் என்னால இழுக்க முடியும். அதுக்குள்ள கையைக் கொண்டுவந்துடு. வரலைன்னாலும் பரவால்ல, கீழ வேலை எப்பவும் இருக்கு, உன்னை விடமாட்டேன்."

கடைசி வார்த்தையை அன்பாகத்தான் சொன்னார். அத்தானுக்கு அதுதான் தைத்தது என்று அவர் தலையைக் குனிந்ததில் தெரிந்தது.

அன்றிலிருந்து அவர் பயிற்சியை ஒரு வேளைகூட விடவில்லை. நான் மாடி வீட்டில் குடியிருந்தேன். காலையில் இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். முன்னறைச் சுவரைப் பார்த்து விறைத்து நின்றுகொண்டு, கையை மேலே கொண்டுபோவார். முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், தோள் காதைத் தொடும். மாலையிலும் அப்படியே. ஆனால் ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அந்தப் பிளாஸ்டிக் கருவி பழைய இடத்திலேயே நின்றது. போகப்போக வலி வேறு கூடியது.

நானும் கூடப் போன ஒரு நாள் பிசியோ கருவியை மடித்து வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். வீட்டுல செய்றீங்களா, இல்ல இங்க வர்ற அன்னைக்கு மட்டும்தானா?"

அத்தான் கட்டிலில் இருந்து இறங்கிச் செருப்பை மாட்டத் தொடங்கினார். அக்காதான் பொங்கினாள்.

"ஏம்மா, நான் ரெண்டு வேளையும் கண்ணால பாக்கறேன். சுவத்தைப் பாத்து நின்னு, மூக்கால புஸ்சு புஸ்சுன்னு விட்டுக்கிட்டு... அடுப்புல குக்கர் சத்தமா இவரு சத்தமான்னு எனக்கே சந்தேகம் வந்துடுது. செய்யலையாமே!"

"அப்ப ஏன் இளகல? இத்தனை நாள்ல கொஞ்சமாவது இளகியிருக்கணும்."

அக்கா கோபத்தில் முகத்தைத் திருப்பினாள். திருப்பிய பக்கம் நோயாளிகள் விரல் நடத்துகிற சுவர் இருந்தது. பச்சை எனாமல். இடுப்பு உயரத்தில் இருந்து தலைக்கு மேல் வரைக்கும் விரல் தடங்கள், மழை கீழிருந்து மேலே பெய்த மாதிரி. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ன இவ்வளவு அழுக்கு?"

"எல்லாரும் இதுலதான ஏறுறாங்க. வாரத்துக்கு ஒரு தடவை துடைப்பாங்க, மறுபடி வந்துடும்."

"எங்க வீட்டுச் சுவத்துல ஒரு புள்ளி கூட இல்லையே" என்றாள் அக்கா.

பிசியோ அத்தானைப் பார்த்தாள். அத்தான் செருப்பைப் பார்த்தார்.

"சார். வீட்டுல சுவரைத் தொடுறீங்களா?"

"தொடற மாதிரிதான்."

"தொடற மாதிரின்னா?"

அத்தான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி விட்டுக் காட்டினார்.

பிசியோ கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இங்க மட்டும் தொட்டீங்களே!"

"இது எனாமல்மா. ஈரத்துணியால துடைச்சா போயிடும். வீட்டுல இருக்கிறது மேட், பளபளப்பில்லாத பெயின்ட். விரல் பட்டா எண்ணெய் இறங்கிடும். துடைச்சா அந்த இடம் மட்டும் பளபளன்னு திட்டு விழும். பெயின்டர் வீட்டுச் சுவத்துல கைத்தடம் இருக்கலாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னாள்: "கையோட பாரத்தைச் சுவர் தாங்கணும் சார். தாங்கினாத்தான் தசை விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுத்தாத்தான் பை இழுபடும். நீங்க அந்தரத்துல தூக்கினா தசை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, தோளு காதுகிட்ட போகுது, உறைஞ்ச இடம் உறைஞ்சபடியே இருக்கு. இத்தனை நாள் தினமும் ரெண்டு வேளை நீங்க வலியைத்தான் வளத்திருக்கீங்க."

வீட்டுக்கு வரும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அப்படி இருந்தால் நான் மாடிக்குப் போய்விடுவது வழக்கம். அன்று அத்தான் என் கையைப் பிடித்து, "உள்ள வா மாப்ள" என்று இழுத்துக்கொண்டார்.

அந்தச் சுவரின் நிறத்தை அவர்தான் கலந்தார். அந்த வீட்டுக்கு வந்தபோது, கடையில் இருக்கிற எந்த மஞ்சளும் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. மஞ்சளாகவும் இருக்கக்கூடாது, வெள்ளையாகவும் இருக்கக்கூடாது, காலையில் ஒரு மாதிரி, விளக்குப் போட்டால் ஒரு மாதிரி இருக்க வேண்டும் என்றாள். அத்தான் வாளியில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலந்துகொண்டே இருந்தார், அவள் "இதுதான்" என்று சொல்லும்வரை. அளவு எதுவும் குறிக்கவில்லை. மறுபடி அதே நிறம் வராது.

"காகிதம் ஒட்டிக்கலாம்" என்றேன் நான்.

"உரிக்கறப்ப பெயின்ட்டும் சேந்து வரும்."

"கதவுல ஏறுங்களேன்."

"கதவு ஆடுது. பிடிமானம் இல்ல. டாக்டரம்மா அசையாத இடம்தான் வேணும்னு சொல்லியிருக்கு." எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

அக்கா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்படியே வந்தாள். எண்ணெயும் மாவும் ஒட்டிய வலது கையை விரித்து, முன்னறைச் சுவரின் நடுவில், அத்தானின் முகத்துக்கு நேரே, வைத்து அழுத்தினாள்.

அத்தான் அடி வாங்கியவர் போலப் பின்னால் நகர்ந்தார்.

"என்ன பண்ணிட்ட?"

"அழுக்காக்கிட்டேன். இனிமே காப்பாத்த ஒண்ணுமில்ல. ஏறுங்க."

"இந்தக் கலரை மறுபடி கலக்க முடியாது. தெரியுமா உனக்கு?"

"தெரியும். கை வந்தா வேற கலர் கலக்குங்க. கை வரலைன்னா இந்தச் சுவத்தை என்ன பண்றது, கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கவா? தலைக்கு மேல பாத்தே பழகின மனுஷன், வாளியில உக்காந்து தரையைப் பாத்துட்டு வர்றீங்க. வந்து சாப்பாட்டுத் தட்டைப் பாக்கறீங்க. என்னைக் கூட நிமிந்து பாக்கறதில்ல. சுவத்தை எவன் கேட்டான்?"

அவள் உள்ளே போய்விட்டாள். அத்தான் வெகுநேரம் அந்தக் கைத்தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதற்குக் கீழே, இடுப்பு உயரத்தில், ஒரு விரலை வைத்தார். அடுத்த விரலை வைத்தார். தோள் உயரம் வந்ததும் நின்று, சுவரின் மேல் கையின் பாரத்தை விட்டு, உடம்பை மெல்லச் சாய்த்தார். இந்தத் தடவை குக்கர் சத்தம் வரவில்லை. நீளமாக ஒரு மூச்சு வந்தது. "ஆ" என்றார், அது வலி மட்டுமாகத் தோன்றவில்லை. "இங்க இழுக்குது மாப்ள. இதுவரைக்கும் இந்த இடத்துல இழுத்ததே இல்ல."

அதன் பிறகு தோள் இளகத் தொடங்கியது. ஒரே சீராக அல்ல. இரண்டு நாள் ஏறினால் ஒரு நாள் இறங்கும். குளிர்ந்த காலைகளில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தால்தான் அசையும். ஆனாலும் விரல் தடங்கள் சுவிட்சைத் தாண்டி, காலண்டர் ஆணியைத் தாண்டிப் போயின. சீப்பு உச்சந்தலைக்குப் போனது. வாசலுக்கு யார் வந்தாலும் அக்கா அந்தச் சுவரைப் பெருமையாகக் காட்டுவாள். அத்தான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அப்போதுதான் இன்னொரு முட்டுக்கட்டை தெரிந்தது. பிசியோ அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்தி மெதுவாக மேலே கொண்டுபோனாள். காதுக்குப் பக்கத்தில் வந்தது. அத்தான் குழந்தை போலச் சிரித்தார்.

"இப்ப எழுந்து உக்காந்து நீங்களா தூக்குங்க."

தூக்கினார். தோளுக்குக் கொஞ்சம் மேலே வந்து கை நடுங்கி நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

"என்னம்மா இது? உன் கைக்கு வருது, என் கைக்கு வரமாட்டேங்குது?"

"மூட்டு வழி விட்டுடுச்சு சார். இனி தூக்க வேண்டியது தசை. அது இத்தனை மாசமா சும்மா படுத்திருந்தது. வழி திறந்தா மட்டும் போதுமா, நடக்கக் கால் வேணாமா?" மூலையில் இருந்து ஒரு சிவப்பு ரப்பர் பட்டையை எடுத்தாள். "இன்னொண்ணு. பலம் வரலைன்னா அந்த உயரத்துக்கு நீங்க கையைக் கொண்டுபோகவே மாட்டீங்க. போகாத மூட்டு மறுபடி இறுகும். இழுத்து இளக்கினதைக் காப்பாத்தறதே பலம்தான்."

அத்தானுக்கு அந்தப் பட்டையைக் கண்டாலே பிடிக்கவில்லை. பத்துக் கிலோ டப்பாவைத் தூக்கிக்கொண்டு சாரம் ஏறியவருக்கு, கதவுப் பிடியில் ரப்பரைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுக்கில் சுருட்டிய துண்டு விழாமல், கையை வெளியே திருப்புவது அவமானமாக இருந்தது. அதுவும் எளிதாக இல்லை என்பதுதான் பெரிய அவமானம். கொஞ்ச நேரத்திலேயே தோளின் பின்பக்கம் எரிந்தது. முதல் வாரம் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு முரட்டுத்தனமாக இழுத்து வீக்கம் வரவைத்துக்கொண்டு, பிசியோவிடம் திட்டு வாங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி வந்தான். வாசலில் குனிந்து நுழைந்தவன், அத்தான் கதவோடு கட்டப்பட்டு நிற்பதைப் பார்த்து அப்படியே குனிந்தபடி நின்றான்.

"என்ன நூலு, கதவோட சண்டையா? யாரு ஜெயிக்கறா?"

"இதுவரைக்கும் கதவுதான்."

"நான் வேணா கதவுப் பக்கம் நிக்கவா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று சிரித்தவன், உட்கார்ந்ததும் சிரிப்பை விட்டான். "வெளிச்சுவரு கடைசிப் பக்கம் வந்துடுச்சு. மேஸ்திரி மெதுவாத்தான் ஓட்டறாரு, ஆனா எவ்வளவு நாள் ஓட்டுவாரு? நான் போன வேலையில போட்ட கோட்டைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல தெரியுமா. திட்டியிருந்தாக் கூடப் பரவால்ல. ஒண்ணும் சொல்லல."

"டேப்பைக் காயறதுக்கு முன்னாடி உரிச்சிருக்கணும்டா."

"எனக்கு டேப்பும் வேணாம், கோடும் வேணாம். நான் ரோலர் உருட்டறவன். நீ வா."

அவன் போன பிறகு அத்தான் துண்டை எடுத்து மறுபடி இடுக்கில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து முணுமுணுப்பு நின்றது. சிவப்புப் பட்டை போய், இன்னும் இறுக்கமான பச்சை வந்தது. பிறகு பிசியோ, உங்கள் வேலையில் கை எப்படிப் போகுமோ அதையே செய்யுங்கள் என்றாள். அவர் ஸ்டூலில் ஏறி, தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் முன்னறைச் சீலிங் ஓரம் கோடு இழுத்தார். ஈரக்கோடு தெரியும், கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறையும். மறைந்ததும் மறுபடி இழுப்பார். கை நடுங்கினால் இறக்கி, உதறி, மறுபடி. அந்தக் கை கடைசிவரை முழு உயரத்துக்குப் போகவில்லை. பிசியோ கடைசியாக அளந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்றபோது அத்தான், "நான் அடிக்கிற சீலிங் அவ்வளவு உயரத்துல இல்லம்மா" என்றார்.

ஹாலில் கோடு போடும் வேலை தொடங்கிய நாள் அக்கா என்னைக் கூடப் போகச் சொன்னாள். எனக்கு விடுமுறை. பெரிய வெற்று ஹால், பேசினால் எதிரொலித்தது. சீலிங்கில் வெள்ளை ஏற்கெனவே காய்ந்திருந்தது. சக்கரம் வைத்த இரும்புச் சாரம் மூலையில் நின்றது. மேஸ்திரி கருநீல டப்பாவைத் திறந்து கலக்கிக் கொடுத்தார்.

"முடியலைன்னா சொல்லிடு. வெக்கப்படாதே."

"நீ கீழ நின்னு பேசாத. எனக்குக் கை நடுங்கும்."

ஏறினார். பலகையை ஏற்றிப் போடவில்லை. பழைய உயரத்திலேயே நின்றார். பிரஷ்ஷை முக்கினார், தட்டினார். கை எழுந்தது. தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது. முதல் இழுப்பு முடிந்தது. ஏணி ரோலரோடு தயாராக நின்றவன் ஒரு கணம் உருட்ட மறந்துவிட்டான்.

"ஈரம் காயுதுடா" என்றார் அத்தான் மேலிருந்து.

முன்பு போல வேகம் இல்லை. இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை கையை இறக்கினார். ஏணி அதற்கேற்ற மாதிரி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டான். அவர் இறக்கும்போது அவனும் ரோலரைத் தட்டில் தோய்த்து நேரம் கடத்தினான். மாலைக்குள் நீளச் சுவர் ஒன்று முடிந்தது. மேஸ்திரி போதும் என்றார். அத்தான் இறங்கி வாசல்வரை நடந்து, திரும்பி அண்ணாந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மூணாவது ஜன்னலுக்கு மேல" என்றார்.

உற்றுப் பார்த்தால் நீலம் ஒரு நகக்கண் அளவு வெள்ளைக்குள் ஏறி இறங்கியிருந்தது. அந்த இடத்தில் கை நடுங்கியிருக்க வேண்டும்.

"இதை எவன் அண்ணாந்து பாக்கப் போறான்?" என்றார் மேஸ்திரி.

"நான் பாப்பேன்."

"இப்ப ஏறாதே. கையைப் பாரு, ஆடுது."

வீட்டில் அவரால் டம்ளரைக்கூட வலது கையில் பிடிக்க முடியவில்லை. அக்கா சுடுதண்ணீர்ப் பையைத் தோளில் வைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மாடிக்குக் கிளம்பும்போது அவர் மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்கு வந்துச்சு மாப்ள. நாளைக்கு வருமான்னுதான் தெரியல. ஒரு நாள் வர்ற கைக்கு மேஸ்திரி என்ன பண்ணுவாரு? காலையில ஆபீஸ் போறப்ப என்னை இறக்கிவிடு. எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி பாத்துடணும்."

மறுநாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் கையை ஊசலாட்டிக்கொண்டே வந்தார். பக்கத்தில் போன சைக்கிள்காரன் தன்னை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து நின்றுவிட்டான். ஹாலுக்குப் போனபோது ஏணி முன்பே வந்து படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். அவனை யாரும் வரச் சொல்லவில்லை.

"தூக்கம் வரல. மூணாவது ஜன்னல்தான?" என்று சாரத்தைத் தள்ளினான். சக்கரங்கள் கிறீச்சிட்டன.

அத்தான் ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே போய்க் கொஞ்ச நேரம் பிரஷ்ஷை எடுக்காமல் நின்றார். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, நகர முடியவில்லை. அவர் வலது கையைக் காற்றில் வெறுமையாகத் தூக்கினார். தோள் உயரத்தில் தயங்கியது. நேற்றைய வலி முழுதும் அந்த இடத்தில் குவிந்திருக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கை மெல்ல அந்த இடத்தைத் தாண்டி மேலே போய், விரல் நுனிகள் சீலிங்கைத் தொட்டு நின்றன.

"டேய், வெள்ளையைக் குடு" என்றார்.

ஏணி சின்ன டப்பாவை நீட்டினான். நீலம் ஏறியிருந்த இடத்தில் வெள்ளையை இழுத்தார். காய விட்டார். மறுபடி நீலத்தை முக்கி, மூச்சைப் பிடித்து, ஜன்னலின் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பு.

"போதுமா?" என்றான் ஏணி.

அத்தான் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கையை இறக்கி உதறிக்கொண்டார்.

"ம். சாரத்தை அடுத்த சுவத்துக்குத் தள்ளு" என்றார்.